சிட்டு தவறவிட்ட துடிப்புகள்

ஜூலை 3, புதன்

சிப்பை மாற்றிவிட்டார்கள். சொல்லவுமில்லை, கேட்கவுமில்லை. ஒரு வருஷமாக நான் பழகி வைத்திருந்த மெமரி சிப் சந்தையில் கிடைக்கவில்லையாம். அதே கம்பிக்கால்கள், அதே அளவு என்று வேறொன்றை வாங்கி எல்லா போர்டிலும் ஒட்டி முடித்துவிட்டு, இன்று என் மேசைக்கு வந்து நிற்கிறார் ஜெயசீலன். எங்கள் ஹார்ட்வேர்க்காரர். தூத்துக்குடி ஆள். தப்புச் செய்துவிட்டு வரும்போது மட்டும் கையில் டீயோடு வருவார். அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

"சின்ன மாத்தந்தான் மேடம். சாஃப்ட்வேர்ல பாத்துக்கிடலாம்லா?"

ஹார்ட்வேர்க்காரர்கள் பிறந்ததும் பேசும் முதல் வாக்கியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

புது சிப்பை எங்கள் சிட்டுவில் மாட்டி ஓட்டினேன். சிட்டு என்பது நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும் ஈசிஜி கருவி. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. இரண்டு நாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதிவு செய்யும். ஆஸ்பத்திரியில் எடுக்கும் ஈசிஜி பத்து விநாடிதான். அவ்வப்போது மயங்கி விழுகிறவர்களின் இதயம் அந்தப் பத்து விநாடி மட்டும் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். அதற்குத்தான் சிட்டு. துடிப்பை வாங்கி சிப்பில் பத்திரமாக எழுதி வைக்கிற டிரைவர் புரோகிராம் என்னுடையது. சுகந்தி எழுதியது என்று முதல் வரியிலேயே போட்டிருக்கிறேன்.

ஓட்டிப் பார்த்தால் பதிவு முழுக்க ஓட்டை. எழுதச் சொன்ன துண்டுகளில் பாதியை சிப் விழுங்கியிருக்கிறது. விழுங்கிய இடமெல்லாம் திரையில் நேர்கோடு.

இருபத்திரண்டாம் தேதி ஆஸ்பத்திரியில் இதய டாக்டர் வசந்தமாலாவிடம் காட்ட வேண்டும். அவர் எங்கள் முதலாளி நாச்சிமுத்து சாரிடம் முதலிலேயே சொல்லிவிட்டார். "ரெண்டு நாள் பதிவுல ஒரு இடத்துல கோடு நேரா படுத்திருந்தாலும், அது பேஷன்ட்டா மெஷினான்னு நான் மண்டைய உடைச்சுக்க முடியாது. ஓட்டை இல்லாம கொண்டு வாங்க, இல்லேன்னா கொண்டு வராதீங்க." கொண்டு போகாவிட்டால் சிட்டு பிரிவை மூடுவதாக சார் முடிவு செய்திருக்கிறார். அப்புறம் எல்லாரும் பழையபடி பம்ப் செட் ஸ்டார்ட்டர்தான். நாலு வருஷ உழைப்பு.

ஆத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மையைச் சொன்னால் உள்ளுக்குள் ஒரே குதூகலம். இந்த மாதிரி ஒரு திருட்டு சிப் கையில் சிக்கி எவ்வளவு நாளாகிறது!

ஜூலை 4, வியாழன்

மாவு தீர்ந்துவிட்டது, உப்புமா. படியேறும்போது கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. உப்புமா சாப்பிட்டால் அப்படித்தான்.

ஜூலை 6, சனி

பிடித்துவிட்டேன். அந்த சிப் பொய் சொல்கிறது.

எழுதச் சொன்னால் சிப் எழுதும். முடிந்ததும் ஒரு கம்பிக்காலில் சைகை காட்டும். "முடிஞ்சுது, அடுத்ததைக் கொடு" என்று அர்த்தம். இந்த மகராசன் முடிக்காமலேயே சைகை காட்டுகிறான். நான் நம்பி அடுத்த துண்டைக் கொடுக்கிறேன். வாங்கிக் கீழே போட்டுவிடுகிறான். புகாரும் கிடையாது, பிழை எண்ணும் கிடையாது.

ஜெயசீலனைக் கூப்பிட்டு அலைக்காட்டித் திரையில் காட்டினேன். கன்னத்தைத் தடவிக்கொண்டு பார்த்தார்.

"தகவல் தாள்ல இப்படி ஒண்ணும் போடலியே மேடம்."

"தாள்ல போட்டிருந்தா நீங்க வாங்கியிருப்பீங்களா?"

"போர்ட மாத்த முடியாது. ஒட்டியாச்சு. இனி உங்க கையிலதான் இருக்கு."

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம். ஹார்ட்வேர் குறையை நான் கண்டுபிடித்தாலோ சுற்றி வளைத்துச் சமாளித்தாலோ ஜெயசீலன் எல்லாருக்கும் பேக்கரியில் தேங்காய் பன் வாங்கித் தர வேண்டும். குறை என் புரோகிராமில் என்றால் நான். இன்று பன் வந்தது. வெற்றியின் ருசி தனி. இரண்டு சாப்பிட்டேன்.

ஜூலை 8, திங்கள்

சைகையை நம்புவதை விட்டாயிற்று. இப்போது எழுதியதைத் திரும்பப் படித்து, நான் கொடுத்ததும் அவன் வைத்திருப்பதும் ஒன்றா என்று பார்க்கிறேன். இல்லையென்றால் மறுபடி எழுது. அதுவரை அந்தத் துண்டைக் கையிலேயே வைத்திரு.

சிக்கல் அந்தக் கையில்தான். சிட்டுவின் பிராசசரில் இருக்கும் இடம் சுண்டைக்காய் அளவு. ஒன்றரை விநாடித் துடிப்பைத்தான் பிடித்து வைக்க முடியும். சிப்போ சில சமயம் இரண்டு விநாடிகூட தூங்கிவிடுகிறது. கை நிறைந்து வழிந்தால் மறுபடி ஓட்டை.

துடிப்பைப் போலியாக உண்டாக்கும் பெட்டி ரிப்பேருக்குப் போயிருக்கிறது. அதனால் சிட்டுவை நானே ஒட்டிக்கொண்டிருக்கிறேன். என் டிரைவர், என் நெஞ்சு. பிளாஸ்டர் போட்ட இடம்தான் அரிக்கிறது.

ஜூலை 9, செவ்வாய்

பால் பொங்கி அடுப்பு நாசம். பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேனாம். "அம்மா நின்னுகிட்டே தூங்கறாங்கப்பா" என்று இலக்கியா அவரிடம் போட்டுக் கொடுத்துவிட்டாள். ஒன்பதாவது படிக்கிற வாய் அது. தூங்கவில்லை, சிப்பைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன் என்றேன்.

ஜூலை 11, வியாழன்

சாப்பாட்டுக் கடையில் விடை கிடைத்தது.

மதியம் பசியில்லாமல் இழுத்தடித்து, மூன்றரை மணிக்கு மெஸ்ஸுக்குப் போனேன். கடையில் ஒருத்தருமில்லை. ராத்திரிக் கூட்டத்துக்காக எல்லா மேசையையும் ஒரேயடியாகத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். கை கழுவப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

சிப்புக்குள் இடம் பாத்தி பாத்தியாகப் பிரிந்திருக்கும். ஒரு பாத்தியில் பழையது இருந்தால் அதை முழுசாக அழித்துவிட்டுத்தான் புதிதாக எழுத முடியும். அந்த அழிக்கிற வேலைதான் இவனுக்கு இரண்டு விநாடி. நானோ துடிப்பு வரவர, பாத்தி வரவர அழிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். கூட்ட நேரத்தில் மேசை துடைக்கிற மடத்தனம்.

முன்னாலேயே துடைத்து வைத்தால்? எப்போது? சார்ஜில் போடும்போது. போன பதிவைக் கம்ப்யூட்டருக்கு எடுத்தாயிற்று என்று உறுதியானதும், சிட்டு சார்ஜில் சும்மா கிடக்கிற நேரமெல்லாம் பாத்தி பாத்தியாகத் துடைத்துக்கொண்டிருக்கட்டும். நோயாளி நெஞ்சில் ஒட்டும்போது மொத்தமும் பளபளவென்று காலியாக இருக்கும். அப்புறம் சிப் தூங்கினாலும் குட்டித் தூக்கந்தான். என் ஒன்றரை விநாடிக் கையே போதும்.

சோறு வந்தது. சாப்பிட்டேனா என்று நினைவில்லை. காசு கொடுத்தேன் என்று நம்புகிறேன்.

ஜூலை 12, வெள்ளி

ஓட்டை இல்லை! காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு துண்டுகூட விழவில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் வரிசை எண் கொடுத்திருந்தேன். எல்லா எண்ணும் வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. வரிசையைப் பார்த்துப் பார்த்து மாளவில்லை.

நாச்சிமுத்து சார் வந்தார். "ஏம்மா, அந்த சிப்பு வேலைக்காகுமா ஆகாதா, ஒரே சொல்லாச் சொல்லிப்போடு."

"ஆகுமுங்க சார்."

"அப்ப இருபத்திரண்டாந் தேதி போலாங்களா?"

"கண்ண மூடிட்டுப் போலாமுங்க."

ஜெயசீலன் மறுபடி பன் வாங்கினார். ஒரே சிப்புக்கு இரண்டாவது பன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஜூலை 14, ஞாயிறு

இரண்டு நாள் பதிவை எடுத்துப் பார்த்தேன். இரண்டு இடத்தில் நேர்கோடு.

பழைய ஓட்டைகள் போலச் சின்னதில்லை. நாலு விநாடி இருக்கும் ஒவ்வொன்றும். வரிசை எண் எதுவும் விட்டுப்போகவில்லை. அப்படியானால் சிப் துண்டை வாங்கி, எண்ணைச் சரியாக எழுதி, உள்ளே மட்டும் காலியாக வைத்திருக்கிறான். இவ்வளவு கெட்டிக்காரத்தனத்தை நான் எந்த சிப்பிடமும் பார்த்ததில்லை. பாராட்டத்தான் தோன்றுகிறது.

வாடா. பார்த்துவிடலாம்.

ஜூலை 15, திங்கள்

ஆபீஸ் போகிற வழியில் வண்டி சாய்ந்துவிட்டது. முன்னால் போன ஆட்டோ சடாரென்று நின்றது, வேறு என்ன. முழங்கையில் சிராய்ப்பு. சிட்டுவுக்கு ஒன்றுமில்லை. முதலில் அதைத்தான் தொட்டுப் பார்த்தேன்.

இன்றைய பதிவில் ஒரு நேர்கோடு. காலையிலேயே. வண்டி விழுந்த அதிர்ச்சியில் சிப் ஆடியிருக்கும் என்றேன். ஜெயசீலன் ஒத்துக்கொள்ளவில்லை.

"விழுந்ததுக்கு அப்புறம் கோடு வந்தா நீங்க சொல்றது சரி. இது முன்னாடியில்லா இருக்கு. சிட்டுல அசைவும் பதிவாகும். பாருங்க, இந்த இடத்துலதான் நீங்க விழுதீய. கோடு அதுக்கும் முந்தி."

"அப்ப கடிகாரமும் தப்பா எழுதுது. பாத்தீங்களா, எவ்ளோ மோசமான சிப்பு."

அவர் அந்தக் கோட்டைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆறிப்போனது. நான் குடித்துவிட்டேன்.

ஜூலை 16, செவ்வாய்

ஜெயசீலன் அதே போர்டு, அதே சிப்போடு ஒரு சிட்டுவை நாச்சிமுத்து சார் நெஞ்சில் ஒட்டிவிட்டிருக்கிறார். சார் நாள் முழுக்க அதைத் தடவிக்கொண்டே திரிந்தார். சாயங்காலம் பார்த்தால் ஒரு நேர்கோடுகூட இல்லை.

"பாத்தீயளா?" என்றார் ஜெயசீலன்.

"சார் நாற்காலிய விட்டு எந்திரிக்கறதே இல்ல. நான் நாள் பூரா ஓடறேன், வேர்க்குது. ஈரம் சிப்புக்குள்ள போகுது."

"மேடம், சும்மா ஒரு வார்த்தை. ஒரு டாக்டரப் போயி..."

"இருபத்திரண்டாந் தேதி டாக்டர்கிட்டதானே போறோம்?"

இந்த மனுஷனுக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. சண்டை போட்டால்கூட திருப்பிச் சண்டை போட மாட்டேன் என்கிறார். அவரிடம் சண்டை போடாவிட்டால் எனக்கு வேலையே ஓடாது.

ஜூலை 17, புதன்

ஐந்து நாள்தான் இருக்கிறது. காரணம் கண்டுபிடிக்க நேரமில்லை. காரியம் ஆக வேண்டும்.

டிரைவரில் ஒரு ஒட்டுப் போட்டேன். சிப்பிலிருந்து படிக்கும்போது இரண்டு விநாடிக்கு மேல் நேர்கோடாக வந்தால், அதற்கு முன்னால் இருக்கிற துடிப்புகளை எடுத்து அந்த இடத்தை நிரப்பிவிடும். தற்காலிகம்தான். டாக்டர் சம்மதித்த பிறகு சிப்பை நிதானமாகப் பிடித்து உதைக்கலாம்.

என் நெஞ்சிலிருந்து எடுத்த நேற்றைய பதிவைப் புது டிரைவரில் திறந்தேன். அடடா, என்ன அழகு. ஆரம்பத்திலிருந்து கடைசி வரை டுப் டுப் டுப் என்று ஒரு குறையில்லாமல் ஓடுகிறது. ரசித்து ரசித்துப் பார்த்தேன். சாருக்குக் காட்டினேன். "ஜம்முனு இருக்குதம்மா" என்றார். எல்லா சிட்டுவிலும் இதையே ஏற்றச் சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பருப்பு போளி செய்தேன். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். "என்ன விசேஷம்?" என்றார். "சிட்டு தேறிடுச்சுங்க" என்றேன். "அது தேறட்டும், உம் மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கெடக்குது?" என்றார். அடுப்படி விளக்கு அப்படி.

ஜூலை 18, வியாழன்

ஜெயசீலன் கண்டுபிடித்துவிட்டார். காலையில் என் மேசைக்கு வந்தபோது கையில் டீ இல்லை.

"மேடம், இந்த நாலு துடிப்பும் அதுக்கு முந்தின நாலு துடிப்பும் அச்சு அசலா ஒண்ணா இருக்கு. ஒரு மயிரிழை வித்தியாசம் இல்ல. யாரு நெஞ்சும் இப்படி அடிக்காது. ஒட்டுப் போட்டிருக்கியளா?"

"தற்காலிகமா."

"எடுத்திருங்க."

"சிப்ப வாங்கினது நீங்க. அதுங்கூட மாரடிச்சுட்டு இருக்கறது நான். உங்க குறைய மறைக்கத்தான் ஒட்டுப் போட்டேன்."

"இது எங்குறையா இருந்தா நானே பன்னு வாங்கிட்டு வந்து ஒங்ககிட்ட நிப்பேன். எங்குறை இல்ல மேடம். அதான் பயமா இருக்கு."

ஆபீசே திரும்பிப் பார்த்தது. எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. நாலு வருஷமாக ஹார்ட்வேர் குறையையெல்லாம் சுற்றி வளைத்து வளைத்து எழுதினேனே, அப்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டு இருந்தவர்தானே. இன்றைக்கு மட்டும் என்ன புது நியாயம்?

கடைசியில் ஒரு ஒப்பந்தம். போன வருஷத்து சிட்டு ஒன்று அலமாரியில் இருக்கிறது. பழைய போர்டு, பழைய நல்ல சிப், நான் அதற்கென்று எழுதிய பழைய டிரைவர். அதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொள்வேன். புதியதில் ஒட்டுப் போட்டதை எடுத்துவிட்டு ஓட்ட வேண்டும் என்றார். சரி என்றேன். நாளைக்கு ஒரு நாள். பழையதில் துடிப்பு ஓடி, புதியதில் நேர்கோடு வந்தால் சிப்பின் குட்டு உடைந்துவிடும். இந்த யோசனை எனக்கே முதலில் வந்திருக்க வேண்டும். நாளையை நினைத்தால் இப்போதே உற்சாகமாக இருக்கிறது.

ஜூலை 19, வெள்ளி

நெஞ்சில் இரண்டு சிட்டு. கல்யாண வீட்டு வாசல் போல வயரும் பிளாஸ்டருமாக இருக்கிறேன்.

ஸ்கூட்டர் சாவியைக் காணோம் என்று தேடினால் ஜெயசீலன் பையில் இருக்கிறது. கேட்டால், "நாளைக்கு வரைக்கும் நானே வண்டில கொண்டுவந்து விடுதேன்" என்கிறார். அதிகப்பிரசங்கி. ஆனால் வழியெல்லாம் சிப்பைத் திட்ட ஒரு ஆள் கிடைத்தார்.

மதியம் ஒரு தரம் மேசையில் தலை சாய்ந்திருக்கிறது. ஒரே கணந்தான். ஜெயசீலன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். கடிகாரத்தைப் பார்த்துக் கையில் நேரம் குறித்துக்கொண்டார்.

ஜூலை 20, சனி

காலையில் இரண்டையும் கழற்றிக் கம்ப்யூட்டரில் போட்டோம். மேலே புதியது, கீழே பழையது. சாரும் வந்து நின்றார்.

நேற்று மதியம் அந்த நேரத்துக்கு ஓட்டினேன். மேலே நேர்கோடு. சொன்னேனா இல்லையா என்று ஜெயசீலன் பக்கம் திரும்பினேன். அவர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். கீழேயும் நேர்கோடு. அதே இடத்தில் ஆரம்பித்து அதே இடத்தில் முடிகிறது.

என் முதல் நினைப்பு என்ன தெரியுமா? இரண்டு டிரைவரிலும் ஒரே பிழையைச் செய்திருக்கிறேன் என்பதுதான். வாய்விட்டுச் சொல்லவும் செய்தேன். பன் நான் வாங்கித் தருகிறேன் என்றுகூடச் சொன்னேன்.

"மேடம்" என்றார் ஜெயசீலன், ரொம்ப மெதுவாக. "ரெண்டு சிப்பு. ரெண்டு போர்டு. ரெண்டு டிரைவரு. எல்லாமே வேற வேற. ரெண்டுக்கும் பொதுவா இருக்கது எது?"

யோசித்தேன். பேட்டரியா என்று யோசித்தேன். பிளாஸ்டரா என்று யோசித்தேன்.

"நான்" என்றேன்.

அவர் கோட்டைப் பெரிசாக்கினார். "சிப்பு துண்ட விழுங்கினா அடிக்கோல் வெச்சு இழுத்த மாதிரி இருக்கும். இதப் பாருங்க, கொஞ்சமா ஏறி எறங்குது. இது நீங்க மூச்சு விடுதது. மூச்சு வருது. துடிப்பு மட்டும் வரல. திங்கக்கிழமையே பாத்தேன். உறுதியா தெரியாம எப்படிச் சொல்ல?"

பால் பொங்கியது, வண்டி சாய்ந்தது, படியில் கண் இருட்டியது எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றது. எனக்கு நாற்பத்தொரு வயசு. இலக்கியா ஒன்பதாவதுதான் படிக்கிறாள். பயந்துவிட்டேன், எழுத வெட்கமென்ன.

சார் கார் சாவியை எடுத்தார்.

டாக்டர் வசந்தமாலா முதலில் அவருடைய மெஷினில் ஈசிஜி எடுத்தார். பத்து விநாடி. நல்ல பிள்ளை ஈசிஜி. அப்புறம் எங்கள் லேப்டாப்பைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"இது உண்மைன்னா உங்களுக்குப் பேஸ்மேக்கர் வைக்கணும். ஆனா இது இன்னும் ஒரு டெஸ்ட் மெஷின். இந்தக் கோட்டை நான் நம்பலாமா? எழுதினவங்க நீங்க. நீங்களே சொல்லுங்க."

ஆறு நாளாக இது பொய், இது பொய் என்று ஊரைக் கூட்டியவள் நான்.

"நம்பலாமுங்க டாக்டர். எழுதினத ஒவ்வொரு துண்டா திரும்பப் படிச்சு சரி பாக்கறேன். எண் ஒண்ணுகூட விட்டுப்போகல. அது எழுதினது சரி" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாய் நிற்கவில்லை. "புதன்கிழமை ஒரு பதிவு சாருக்குக் காட்டினேன். அத மட்டும் நம்பாதீங்க. அதுல நேர்கோடு வந்த இடத்துல எல்லாம் துடிப்ப ஒட்டி வெச்சிருக்கேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்த மெஷினைப் போட்டுட்டு ஒரு பேஷன்ட் என்கிட்ட வந்திருந்தா?"

பதிலையும் அவரே சொன்னார்.

"எல்லாம் நார்மல்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். அவங்க வண்டியெடுத்துட்டுப் போயிருப்பாங்க."

அட்மிட் செய்துவிட்டார்கள். வீட்டுக்காரர் ஓடி வந்தார். என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. "உப்புமா உப்புமான்னு எத்தன நாளா சொன்ன?" என்று மட்டும் கேட்டார்.

ஜூலை 21, ஞாயிறு

ஆஸ்பத்திரி மானிட்டர் மாட்டியிருக்கிறார்கள். கெஞ்சிக் கூத்தாடி பக்கத்தில் அந்த ஒட்டு எடுத்த சிட்டுவையும் மாட்டிக்கொண்டேன்.

மத்தியானம் இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். அடுத்து நினைவிருப்பது நர்ஸ் என் கன்னத்தைத் தட்டுவது. மானிட்டர் அலறிக்கொண்டிருக்கிறது, வீட்டுக்காரர் மூலையில் நின்று முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறார், இலக்கியா என் காலைக் கட்டிப் பிடித்திருக்கிறாள்.

"மானிட்டர்ல பேப்பர் வந்துச்சா?" என்றேன். முதல் வார்த்தை அதுதான். இதற்காக அவர் என்னை மன்னிக்கக் கொஞ்ச நாளாகும்.

ஜெயசீலன் வந்து சிட்டுவின் பதிவை எடுத்தார். மானிட்டர் பேப்பரைப் படுக்கையில் விரித்து, லேப்டாப்பைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டோம். கடைசித் துடிப்பு ஒன்றுதான். நேர்கோடு ஒரே நீளம். மறுபடி வந்த முதல் துடிப்பின் கோணல்கூட ஒன்றுதான். பொய் சொல்கிற சிப்பை வைத்துக்கொண்டு, சுண்டைக்காய் இடத்தை வைத்துக்கொண்டு, லட்ச லட்சமாய் விலை போட்ட மெஷினோடு என் டிரைவர் மயிரிழை பிசகாமல் ஒத்துப்போகிறது. படுக்கையில் உட்கார்ந்தபடியே கையைத் தட்டினேன். சத்தம் போட்டுச் சிரித்தேன். நர்ஸ் வந்து அதட்டினார்.

வீட்டுக்காரரும் சிரித்துவிட்டார். கண்ணீர் இன்னும் காயவில்லை.

ஜூலை 22, திங்கள்

ஒன்பது மணிக்கு பேஸ்மேக்கர். அதற்கு முன்னால் டாக்டர் வசந்தமாலா வந்தார். கட்டிலோரம் நின்றிருந்த நாச்சிமுத்து சாரிடம், "இன்னிக்கு டெமோ வேண்டாம். பாக்க வேண்டியதைப் பாத்துட்டேன். என் வார்டுக்கு நாப்பது சிட்டு அனுப்புங்க" என்றார். அப்புறம் டாக்டர் என் பக்கம் திரும்பினார். "அந்த ஒட்டு இருக்கற மெஷின் ஒண்ணுகூட இந்த வாசப்படி ஏறக்கூடாது."

"இப்பவே எடுத்தர்றேனுங்க" என்றேன்.

ஜெயசீலன் தானே எடுத்துவிடுவதாகச் சொன்னார். விடவில்லை. போட்டவள் நான். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டேன். கையில் ஊசி குத்தியிருந்ததால் ஒரு கையால்தான் தட்ட முடிந்தது. சிப்பின் பொய்ச் சைகைக்காக எழுதியது இருக்கட்டும், பாத்தி துடைப்பது இருக்கட்டும், திரும்பப் படிப்பது இருக்கட்டும். அதெல்லாம் ஹார்ட்வேர் குறைக்கு. புதன்கிழமை எழுதிய வரிகளை மட்டும் தேர்ந்தெடுத்து அழித்தேன்.

எதை அழித்தாலும் காரணம் எழுதாமல் எங்கள் சர்வர் வாங்காது. காரணம் என்று கட்டம் காலியாக மின்னிக்கொண்டிருந்தது. ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. வீட்டுக்காரர் என் வளையலைக் கழற்றி வாங்கிக்கொண்டார். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தக் கட்டத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இத்தனை வருஷத்தில் நான் ஒரு தரம்கூட இப்படி ஒரு காரணம் எழுதியதில்லை.

"கோடு நேராக இருந்தது. இதயம் நின்றிருந்தது. கருவியில் குறையில்லை" என்று தமிழிலேயே அடித்து அனுப்பினேன். ஏற்கப்பட்டது என்று வந்தது. லேப்டாப்பை ஜெயசீலனிடம் கொடுத்துவிட்டு ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்தேன்.